இடுப்பில் துப்பாக்கி, கையில் ஆக்ஸிலேட்டர்.. கீழே விழுந்தால் என்ன ஆகும்? அமெரிக்க பைக்கர்களின் தலைவலி - ஒரு விளக்கம்

அமெரிக்காவில் ஹெல்மெட் சட்டமே இல்லாத மாகாணங்கள் இன்றும் மூன்று இருக்கின்றன. இல்லினாய், அயோவா, நியூ ஹாம்ப்ஷயர். சட்டைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வெளியே போக லைசென்ஸ் வேண்டாம் என்று சொல்லும் மாகாணங்களோ 29. அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும் இரண்டு பட்டியலிலும் வருகின்றன. அதாவது தலையில் ஹெல்மெட் இல்லாமல், இடுப்பில் தோட்டா நிரப்பிய பிஸ்டலோடு ஒருவர் பைக்கில் போனால், அந்த ஊர்களில் அது சட்டப்படி சரி!

சட்டப்படி சரி என்பது ஒன்று. பாதுகாப்பா என்பது வேறு. துப்பாக்கி வைத்திருக்கும் அமெரிக்க பைக்கர்களிடையே பல வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் விவாதமே இதுதான். எங்கே வைப்பது? விழுந்தால் வெடிக்குமா? போலீஸ் நிறுத்தினால் கையை எங்கே வைப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

காரில் இல்லாத சிக்கல் பைக்கில் என்ன?

கார் ஓட்டுபவரைச் சுற்றி நான்கு பக்கமும் இரும்பு இருக்கிறது. சீட் பெல்ட், ஏர்பேக் இருக்கிறது. துப்பாக்கி வைக்கக் கூடாத இடத்துக்குப் போகிறார் என்றால் டிக்கியில் பூட்டிவிட்டுப் போகலாம். பைக்கில் இதில் எதுவும் கிடையாது. ஓட்டுபவரின் உடம்புதான் பம்பர்.

2022-ல் மட்டும் அமெரிக்க சாலைகளில் 6,218 பைக் பயணிகள் உயிரிழந்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் போக்குவரத்து பாதுகாப்பு நிர்வாகம் சொல்கிறது. ஒரே தூரத்தைக் கடந்தால், காரில் போகிறவரைவிட பைக்கில் போகிறவர் உயிரிழக்கும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல். 1981-ல் ஹாரி ஹர்ட் என்ற ஆய்வாளரின் குழு லாஸ் ஏஞ்சல்ஸில் 900 பைக் விபத்துகளை நேரடியாக ஆராய்ந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. வேறொரு வாகனம் சம்பந்தப்பட்ட விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கில், குறுக்கே வந்தது அந்த இன்னொரு வண்டிதான் என்றது அந்த அறிக்கை. சுதாரிக்கக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 நொடிகூட இல்லை.

ஆக, எவ்வளவு கவனமாக ஓட்டினாலும் என்றாவது விழலாம் என்று கணக்குப் போட்டுத்தான் பைக் ஏற வேண்டியிருக்கிறது. இடுப்பில் இருக்கும் துப்பாக்கியும் அந்தக் கணக்கில் சேரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வண்டி ஓடும்போது அந்தத் துப்பாக்கியால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. வலது கையில் ஆக்ஸிலேட்டரும் முன் பிரேக்கும். இடது கையில் க்ளட்ச். வலது கையை எடுத்தால் வேகமும் போச்சு, முன் பிரேக்கும் போச்சு. யாராவது துரத்துகிறார்கள் என்றால் பைக்கே நல்ல ஆயுதம்தான்.. வேகமாகக் கிளம்பிப் போய்விடலாம். சினிமாவில் வருவதுபோல ஒரு கையால் ஓட்டிக்கொண்டே சுடுவதெல்லாம் நிஜத்தில் ஓட்டுபவரையே பள்ளத்தில் தள்ளும் வேலை. எனவே பைக் பயணத்தைப் பொறுத்தவரை இது சுடுவது பற்றிய கேள்வியே இல்லை. கிளம்பும் இடத்தில் இருந்து சேரும் இடம் வரை, யாருக்கும் ஆபத்து இல்லாமல் ஒரு பொருளைக் கொண்டு போவது எப்படி என்பதுதான் கேள்வி.

எங்கே வைக்கிறார்கள்? எங்கே வைக்கவே கூடாது?

முதலில் கூடாத இடம். முதுகின் அடிப்பகுதி, அதாவது பேண்ட்டின் பின்பக்க நடுவில். பழைய படங்களில் போலீஸ்காரர் ஜாக்கெட்டைத் தூக்கி அங்கிருந்துதான் துப்பாக்கியை எடுப்பார். பார்க்க ஸ்டைலாக இருக்கும். மல்லாந்து விழுந்தால் நேராகத் தண்டுவடத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஒரு இரும்புத் துண்டு. அங்கே அதிகம் பேர் வைத்திருக்கும் மாடல்களில் ஒன்றான க்ளாக் 19, குண்டுகளோடு சேர்த்தால் சுமார் 850 கிராம் எடை. நல்ல ஜாக்கெட்டுகளில் கழுத்தில் இருந்து இடுப்பு எலும்பு வரை முதுகுக் காப்பு வைத்துத் தைக்கிறார்கள். காசு கொடுத்து அதை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதற்கு அடியிலேயே துப்பாக்கியைச் செருகினால் என்ன அர்த்தம்?

வலது இடுப்பின் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் தள்ளி வைப்பது பரவலான முறை. கடிகாரத்தில் 4 மணி காட்டும் இடம் என்பார்கள். உட்காரும்போது தொந்தரவு குறைவு, தண்டுவடத்துக்கும் நேராக வராது. ஆனால் பக்கவாட்டில் விழுந்தால் இடுப்பு எலும்பு அடி வாங்கும். அதோடு, பைக்கில் முன்னால் குனிந்து உட்கார்ந்தாலே ஜாக்கெட் மேலே ஏறிவிடும். நெடுஞ்சாலைக் காற்று மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். பின்னால் வரும் காரில் இருப்பவருக்கு துப்பாக்கியின் பிடி பளிச்சென்று தெரியும். நியூயார்க் போன்ற மாகாணங்களில் லைசென்ஸ் என்பதே மறைத்து எடுத்துப் போக மட்டும்தான். வெளியே தெரிந்தால் சட்டச் சிக்கல். தெரியலாம் என்று அனுமதிக்கும் மாகாணங்களிலும், பார்த்து மிரண்டவர் 911-க்கு போன் போட்டால் அடுத்த சிக்னலில் போலீஸ் நிற்கும்.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் இன்னும் சிக்கல். அவர் பிடித்துக்கொள்வது ஓட்டுபவரின் இடுப்பைத்தான். சரியாக அங்கேதான் துப்பாக்கி இருக்கிறது.

வயிற்றின் முன்பக்கம் வைப்பவர்களும் உண்டு. நின்றால் வசதி. பைக்கில் குனிந்து உட்கார்ந்தால் வயிற்றில் குத்தும், குழல் தொடையை நோக்கி இருக்கும். திடீர் பிரேக்கில் உடம்பு பெட்ரோல் டேங்க்கில் போய் மோதும் என்பதையும் சேர்த்து யோசித்தால், ஸ்போர்ட்ஸ் பைக் ஓட்டுபவர்களுக்கு இது சரிவராது. தோளில் பட்டை போட்டு அக்குளுக்குக் கீழே தொங்கவிடும் முறையில் ஜாக்கெட் பறந்தாலும் வெளியே தெரியாது. ஆனால் அந்த வகையில் பெரும்பாலானவற்றில் குழல் பின்பக்கமாகப் படுத்தவாக்கில் இருக்கும். பின் சீட்டில் மனைவியோ மகளோ இருந்தால்? குழல் நேராக அவர்களைத்தான் பார்க்கும். கணுக்காலில் கட்டும் முறையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. கியரும் பின் பிரேக்கும் காலில்தான் இருக்கின்றன, சைலன்சர் சூடு வேறு.

அப்போ டேங்க் மேல் மாட்டும் பையிலோ, சைடு பாக்ஸிலோ போட்டுவிட்டால் போதாதா? உடம்பைப் பொறுத்தவரை அதுதான் நல்லது. விழுந்தால் எலும்பில் குத்தாது. ஆனால் விழும்போது பைக் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். காந்தத்தில் ஒட்டும் டேங்க் பை பிய்த்துக்கொண்டு பறக்கும். துப்பாக்கி நடுரோட்டில் கிடக்கும், ஓட்டியவர் ஆம்புலன்ஸில் இருப்பார். அதை யார் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. விபத்தே இல்லாவிட்டாலும், டீக்கடை மாதிரி ஓரிடத்தில் 10 நிமிஷம் நிறுத்தினால், துணியாலோ தோலாலோ ஆன சைடு பையை பிளேடால் கிழிக்க ஒரு நிமிஷம் போதும். இதற்கு ஓரளவு தீர்வு, பூட்டும் வசதி உள்ள கெட்டியான சைடு பாக்ஸுக்குள், ஒரு சின்ன இரும்புப் பெட்டியை வைத்து, அதை எஃகு கேபிளால் பைக்கின் சட்டத்தோடு கட்டுவது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், நெடுந்தூரப் பயணத்துக்கு இதுதான் உருப்படியான வழி.

ட்ரிக்கரைத் தொடுவது விரல் மட்டும் இல்லை

க்ளாக் மாதிரியான இன்றைய பிஸ்டல்கள் பலவற்றில் தனியாக ஆன்-ஆஃப் போல ஒரு பாதுகாப்புக் கொக்கி இருக்காது. ட்ரிக்கரை இழுத்தால் சுடும், இழுக்காவிட்டால் சுடாது. அதை இழுக்கத் தேவையான விசை சுமார் இரண்டரை கிலோ. இழுப்பது விரல்தானா, வேறு ஏதாவதா என்று துப்பாக்கிக்குத் தெரியாது.

பைக் ஜாக்கெட்டை யோசித்துப் பாருங்கள். இடுப்பை இறுக்க ஒரு கயிறு, அதன் நுனியில் பிளாஸ்டிக் குமிழ், ஜிப்பில் தொங்கும் வார், மழை கோட்டின் நாடா. துப்பாக்கியை உறைக்குள் திருப்பிச் செருகும்போது இதில் ஏதாவது ஒன்று ட்ரிக்கர் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டால்? உறைக்குள் அழுத்த அழுத்த, அந்தக் கயிறு ட்ரிக்கரை இழுக்கும். குண்டு பாயும் இடம் ஓட்டுபவரின் தொடை அல்லது பிட்டம். தொடையில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறது, நிமிஷங்களில் உயிர் போகலாம்.

அதனால்தான், ஹோல்ஸ்டர் எனப்படும் உறையில் ட்ரிக்கர் பகுதி முழுக்க கெட்டியான பொருளால் மூடியிருக்க வேண்டும் என்கிறார்கள். வெறும் துணிப்பை, ஜாக்கெட் பாக்கெட், பெல்ட்டில் சொருகுவது எல்லாம் அவுட். தளர்ந்துபோன பழைய தோல் உறையும் ஆபத்துதான். மடிப்பு விழுந்த தோலே விரலின் வேலையைச் செய்துவிடும். பைக்கில் ஏறிய பிறகோ, கையுறை போட்டுக்கொண்டோ துப்பாக்கியைத் தொடவே கூடாது என்பதும் இதனால்தான். கையுறை போட்ட விரலுக்கு எது ட்ரிக்கர், எது வளையம் என்று தெரியாது. வீட்டில் கையுறை இல்லாமல் உறையில் வைத்துவிட்டு, உறையோடு சேர்த்து இடுப்பில் மாட்டி, சேரும் இடத்தில் உறையோடு சேர்த்தே கழற்றுவது. நடுவில் கை வைக்காமல் இருப்பது.

அதிர்வையும் மறக்கக் கூடாது. பெரிய இரட்டை சிலிண்டர் எஞ்சின் நாள் முழுக்க கொடுக்கும் நடுக்கத்தில் ஹோல்ஸ்டரின் ஸ்க்ரூ மெல்லக் கழன்று வரும். நட்டுகளில் தடவும் பசையைத் தடவி, கிளம்பும் முன் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். வியர்வை, மழை, தூசி என்று துருவுக்கும் குறைவில்லை.

கீழே விழுந்தால் வெடிக்குமா?

நல்ல நிலையில் இருக்கும் இன்றைய துப்பாக்கிகள் கீழே விழுந்தால் வெடிக்காமல் இருக்கத்தான் வடிவமைக்கப்படுகின்றன. உள்ளே ஊசி முன்னால் போகாமல் தடுக்க ஒரு தடுப்பு இருக்கும், ட்ரிக்கரை இழுத்தால் மட்டுமே அது விலகும். கலிஃபோர்னியாவில் புது மாடல் கைத்துப்பாக்கியை விற்க வேண்டும் என்றால், சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருந்து கான்கிரீட் மேல் வெவ்வேறு கோணங்களில் போட்டுப் பார்த்து, வெடிக்கவில்லை என்று காட்ட வேண்டும்.

ஆனால் 1 மீட்டர் என்பது மேஜையில் இருந்து விழும் உயரம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் பைக்கில் இருந்து தூக்கி எறியப்படுவதை எந்தச் சோதனையும் போட்டுப் பார்ப்பதில்லை. சோதனையைத் தாண்டியும் கோளாறு வரலாம் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. சிக் சாவர் நிறுவனத்தின் பி320 பிஸ்டலின் ராணுவ வடிவத்தை 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவமே தேர்வு செய்தது. அதே வருஷம் ஆகஸ்ட்டில், பொதுமக்களுக்கு விற்ற பி320 குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவர, டல்லாஸ் போலீஸ் அதன் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. உட்பாகங்களை மாற்றித் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது. அந்தத் தேதிக்கு முன் வாங்கி, இன்னும் மாற்றாமல் வைத்திருப்பவர் பைக்கில் அதை எடுத்துப்போவது நல்ல யோசனை இல்லை. பழைய காலத்து ரிவால்வர்கள் சிலவற்றில் அந்தத் தடுப்பே கிடையாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி என்று பெருமையாக இடுப்பில் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் அடுத்த ஆபத்து

பலரும் யோசிக்காத இடம் இது. விபத்தில் ஒருவர் மயங்கிக் கிடக்கிறார். வரும் மருத்துவ உதவியாளர் முதலில் செய்யும் வேலை, கத்திரியால் உடையை வெட்டுவது. உள்ளே தோட்டா ஏற்றிய துப்பாக்கி இருப்பது அவருக்குத் தெரியாது. கத்திரி, பெல்ட், ட்ரிக்கர் எல்லாம் ஒரே இடத்தில். போதாததற்கு, தலையில் அடிபட்டு அரை மயக்கத்தில் எழும் சிலர் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் கையை வீசுவார்கள். அந்தக் கை இடுப்புக்குப் போனால்?

நினைவு இருந்தால், வலது இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். எடுத்துக் கொடுக்கிறேன் என்று முயற்சி செய்யவே கூடாது. கூட்டமாகப் போகிறவர்கள் என்றால், யாரிடம் துப்பாக்கி இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். உறையில் இருந்து உருவாமல், பெல்ட்டை அறுத்து உறையோடு அப்படியே எடுத்து போலீஸ் வரும்வரை பத்திரமாக வைப்பதுதான் ஆபத்து குறைவான வழி.

மருத்துவமனைக்குள் கவனிக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பைக் சம்பந்தமே இல்லாத ஒரு கொடுமையான உதாரணம் இருக்கிறது. 2023 ஜனவரியில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில், தாயை எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அழைத்துப்போன வழக்கறிஞர் ஒருவர், இடுப்பில் துப்பாக்கி இருப்பதைச் சொல்லாமல் ஸ்கேன் அறைக்குள் நுழைந்தார். காந்தம் அதை இழுத்தது. துப்பாக்கி வெடித்து வயிற்றில் குண்டு பாய்ந்தது. பிப்ரவரியில் அவர் உயிரிழந்தார். லைசென்ஸ் வைத்திருந்தவர் அவர்.

போலீஸ் நிறுத்தினால்?

அமெரிக்க போலீஸுக்கும் பைக்கர் கூட்டத்துக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். 2015 மே மாதம் டெக்சாஸின் வேக்கோ நகரில் ஒரு உணவகத்தில் பைக்கர் கும்பல்களுக்கு இடையே நடந்த மோதலில் 9 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். 177 பேர் கைதானார்கள். கடைசியில் ஒருவர்கூட தண்டிக்கப்படவில்லை, 2019-ல் மீதி வழக்குகளும் கைவிடப்பட்டன. இன்னொரு பக்கம், பைக்கில் வந்தாலே சந்தேகப்படுவதைத் தடுக்க 2011-ல் வாஷிங்டன் மாகாணம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இந்தப் பின்னணியில்தான் இடுப்பில் துப்பாக்கியோடு ஒருவர் நிறுத்தப்படுகிறார்.

மிஷிகன், அலாஸ்கா போன்ற மாகாணங்களில், போலீஸ் கேட்காவிட்டாலும் துப்பாக்கி இருப்பதை நாமே சொல்லிவிட வேண்டும். பல மாகாணங்களில் கேட்டால் சொன்னால் போதும். எங்கே இருந்தாலும் ஒரு சின்ன விஷயம் பெரிய விஷயமாகிவிடும். பர்ஸ் எங்கே இருக்கிறது? வலது பின் பாக்கெட்டில். துப்பாக்கி? அதற்கு நான்கு விரற்கடை மேலே. லைசென்ஸ் எடுக்கக் கை போகும் திசை, போலீஸ்காரர் கண்ணுக்கு துப்பாக்கி எடுக்கப் போகும் திசை!

2016 ஜூலை 6 அன்று மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டைல் என்பவரின் காரை போலீஸ் நிறுத்தியது. துப்பாக்கி வைத்திருக்க அவருக்கு அனுமதி இருந்தது. தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே சொன்னார். சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட அதிகாரியை 2017-ல் நடுவர் குழு விடுவித்தது. காஸ்டைல் கறுப்பினத்தவர் என்பதை விட்டுவிட்டு இந்தச் சம்பவத்தைப் பேச முடியாது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எல்லோருக்கும் ஒரே பாதுகாப்பு என்று எந்தப் பயிற்சியாளராலும் உறுதி சொல்ல முடியாது.

செய்யக்கூடியது இவ்வளவுதான். லைசென்ஸையும் வண்டிப் பேப்பர்களையும் மார்புப் பக்க பாக்கெட்டிலோ டேங்க் பையிலோ, துப்பாக்கியை விட்டுத் தள்ளி வைப்பது. எஞ்சினை நிறுத்திவிட்டு இரண்டு கையும் ஹேண்டில் பாரில் தெரியும்படி இருப்பது. சொல்லும்வரை இறங்காமல், ஹெல்மெட்டைக்கூட கழற்றாமல் இருப்பது. எதை எடுத்தாலும் முதலில் வாயால் சொல்லிவிட்டு, அவர் சரி என்ற பிறகு எடுப்பது.

எல்லை தாண்டினால் குற்றவாளி!

ஒரு மாகாண லைசென்ஸ் இன்னொரு மாகாணத்தில் செல்லும் என்று உத்தரவாதம் இல்லை. 2013-ல் பென்சில்வேனியா லைசென்ஸோடு பக்கத்து நியூ ஜெர்சிக்குள் காரில் போன ஒரு பெண், போலீஸிடம் தானாகவே துப்பாக்கி இருப்பதைச் சொல்லி, அதனாலேயே கைதானார். 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கிய பிறகுதான் வழக்கில் இருந்து தப்பினார்.

1986-ல் வந்த மத்திய சட்டம் ஒன்று, இரண்டு முனையிலும் துப்பாக்கி வைத்திருப்பது சட்டப்படி சரி என்றால், நடுவில் வரும் மாகாணத்தைக் கடந்து போகலாம் என்கிறது. ஆனால் குண்டை வெளியே எடுத்திருக்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். பைக்கருக்கு அந்த சைடு பாக்ஸ் மறுபடியும் கைகொடுப்பது இங்கேதான்.

பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கி கொண்டுபோகத் தடை விதிக்கும் மத்திய சட்டமும் உண்டு. அந்த மாகாணத்தின் லைசென்ஸ் இருந்தால் விலக்கு. லைசென்ஸே தேவையில்லை என்கிற 29 மாகாணங்களில் ஒன்றில், அதை நம்பி லைசென்ஸ் எடுக்காதவருக்கு அந்த விலக்கு கிடையாது. ஊருக்குள் பைக் ஓட்டினால் பள்ளியைத் தாண்டாமல் எப்படிப் போவது? அதனால்தான் தேவையில்லாத மாகாணத்திலும் லைசென்ஸ் எடுத்து வைப்பவர்கள் இருக்கிறார்கள்.

பைக்கர்கள் விரும்பிப் போகும் யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களில், 2010 பிப்ரவரி முதல் அந்தந்த மாகாண சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் பூங்காவுக்குள் இருக்கும் தகவல் மையக் கட்டடம் மத்திய அரசின் கட்டடம், அங்கே கூடாது. தபால் நிலையத்தில் அதன் பார்க்கிங்கில்கூட கூடாது. கழற்றி வைக்கவும் இடமில்லை, உள்ளே போகவும் முடியாது என்று வாசலில் நிற்கும் பைக்கரின் நிலைமை கொஞ்சம் பரிதாபம்தான்.

அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு..

ஹெச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பது, சில விலக்குகள் தவிர, மத்திய சட்டப்படி குற்றம். அவர் இருக்கும் மாகாணம் லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னாலும் இது மாறாது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அந்த விலக்குகளில் ஒன்று. ஆனால் வழக்கறிஞரைக் கேட்காமல் அதை நம்பி இறங்குவது விசாவையே பணயம் வைப்பது மாதிரி. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. வார இறுதியில் அமெரிக்க நண்பரின் பைக்கை ஓட்டிப் பார்க்க வாங்குகிறவர்கள், சைடு பாக்ஸைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.